போர்டில் இருக்கும் நம்பரை அழிக்க வேண்டாம்

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டை ஒட்டிச் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை போர்டிலேயே என் செல் நம்பர் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதே நம்பர்தான். இப்போது ஒரு நாளைக்குப் பத்து கால் குறையாமல் வருகிறது. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, வீட்டுமனை என்று ஏதாவது ஒன்று. தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடவும் முடியாது, பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களாக இருக்கலாம். என் மகள் டிஎன்டி (விளம்பர கால் வேண்டாம் என்று நம்பரைப் பதிந்துவைக்கும் வசதி) போட்டுக் கொடுத்து மூன்று மாதமாகிறது, பெரிய மாற்றம் இல்லை. போன வாரம் ஒருவர் என் பெயரைச் சொல்லி, "உங்க வண்டி இன்ஷூரன்ஸ் 18ஆம் தேதி முடியுதே" என்றார். பயந்துவிட்டேன். இன்னொருவரிடம் கோபமாகப் பேசியதற்கு, வேறு வேறு நம்பரிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்துத் திட்டினார். நம்பரையே மாற்றிவிடலாமா? போர்டில் எழுதியதுதான் என் தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நம்பரை மாற்ற வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் இந்த வாரமே சிம் கடைக்குப் போய்விடுவீர்கள் போலிருக்கிறது.

பதினான்கு வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். தொல்லை தாங்காமல் நம்பர் மாற்றியவர்கள் நாலைந்து மாதத்தில் புது நம்பரோடு அதே வரிசையில் வந்து நிற்பார்கள். நமக்குக் கிடைக்கும் "புது" நம்பர் பெரும்பாலும் புதிதல்ல. ஒருவர் விட்டுப்போன எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா போட்டுவைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். பழைய சொந்தக்காரர் எங்கெங்கே லோன் விசாரித்தாரோ, யாருக்கெல்லாம் தவணை பாக்கி வைத்தாரோ, அத்தனையும் சிம்மோடு உங்களிடம் வந்து சேரும். ஒரு பெரியவர் இப்படி வாங்கிய எண்ணில் யாரோ ஒருவருடைய டிராக்டர் கடனுக்காக எட்டு மாதம் பேச்சு வாங்கினார். அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்தான் இருந்தது.

சரி, டிஎன்டி போட்டும் ஏன் நிற்கவில்லை?

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007லிருந்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்றவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள விதிகள் 2018இல் வந்தவை, 2025 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தி இறுக்கினார்கள். விதிப்படி, விளம்பரத்துக்காகக் கூப்பிடுகிற நிறுவனம் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும், டிஎன்டியில் இருப்பவர்களை விட்டுவிட வேண்டும். உங்கள் மகள் போட்டது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து, இந்த மூன்று மாதத்தில் 140இல் தொடங்கும் கால் எத்தனை வந்தது என்று பாருங்கள். அநேகமாக ஒன்றிரண்டு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மற்றதெல்லாம் சாதாரணப் பத்து இலக்க எண்களாக இருக்கும். அப்படியென்றால் சட்டத்தை மதிப்பவன் உங்களை விட்டுவிட்டான், மதிக்காதவன்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். டிஎன்டியால் முதல் ஆளைத்தான் தடுக்க முடியும். இரண்டாவது ஆளுக்கு வேறு மருந்து, அதற்குப் பிறகு வருகிறேன்.

மகள் போட்ட டிஎன்டி முழுத் தடையா, பாதியா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வங்கி, மனை, கல்வி, மருத்துவம், வாகனம் என்று வகை வகையாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால் சிலர் ஒன்றிரண்டை மட்டும் தடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1909க்கு அழைத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். இல்லையென்றால் ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 0 போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் முழுத் தடை. ஓடிபி நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வங்கியின் ஓடிபியும் பணம் போட்ட, எடுத்த தகவலும் டிஎன்டியைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கும்.

டிஎன்டிக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. இதைப் போட்டவர்கள் நாம்தான், தெரியாமல் போட்டோம். செல்லில் "உங்களுக்கு எவ்வளவு லோன் கிடைக்கும், ஒரு நிமிடத்தில் பாருங்கள்" என்று ஒரு விளம்பரம் வரும். சும்மா பார்க்கலாமே என்று தட்டுவோம். பெயர், பிறந்த தேதி, நம்பர் கேட்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி, அதன் பக்கத்துக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருக்கும். அந்த வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் எண் டிஎன்டியில் பதிவாகியிருந்தாலும், இந்த நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் என்னைத் தொலைபேசி, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் வழியாகத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்." அந்த "கூட்டாளிகளும்" என்ற சொல் எத்தனை பேரைக் குறிக்கும் என்பதற்கு அங்கே கணக்கே கிடையாது. நான் பார்த்த புகார்களில் கணிசமானவை இந்த இடத்தில்தான் விழுந்து செத்தன. எதிர்த்தரப்பு அந்த டிக்கைக் காட்டி "சம்மதம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உங்கள் வீட்டில் யாராவது உங்கள் நம்பரைப் போட்டு லோன் தகுதி பார்த்தார்களா, மனை விலை பார்த்தார்களா என்று கேளுங்கள். சண்டைக்காக அல்ல, எந்த நிறுவனம் என்று தெரிந்தால் அங்கே எழுதிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

வண்டி இன்ஷூரன்ஸ் தேதி தெரிந்திருந்ததைப் பார்த்து நீங்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தத் தேதி நீங்கள் நினைக்கிற அளவுக்கு ரகசியமானதல்ல. வண்டி வாங்கிய ஷோரூம், முதல் பாலிசி போட்ட ஏஜென்ட், போன வருடம் புதுப்பித்துக் கொடுத்த இணையதளம், புகைச் சான்றிதழ் எடுத்த இடம் என எல்லாரிடமும் வண்டி எண்ணும் போன் நம்பரும் இருக்கும். அரசாங்கமே வண்டிப் பதிவு விவரங்களை மொத்தமாகக் காசுக்குக் கொடுக்க 2019இல் ஒரு கொள்கை கொண்டுவந்து, தனியுரிமை பற்றிய கேள்விகள் எழுந்த பிறகு 2020இல் அதைக் கைவிட்டது. உங்களிடம் பேசியவர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. கமிஷனுக்கு ஓடுகிற ஏஜென்டாக இருக்கலாம். ஆனால் தேதியைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக அவர் அனுப்பும் லிங்கில் பணம் கட்டிவிடாதீர்கள். பாலிசித் தாளை எடுத்து, அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசிப் புதுப்பியுங்கள்.

இப்போது மருந்து.

தொல்லை கால் வந்ததும் எல்லாரும் செய்வது பிளாக். அதில் ஒரு திருப்தி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்கள் ஒரே இணைப்பின் கீழ் நூறு எண்கள்கூட வாங்கி வைத்திருப்பார்கள். நீங்கள் ஒன்றைத் தடுத்தால் அடுத்தது. உங்களைத் திட்டியவர் வேறு வேறு நம்பரிலிருந்து வந்தாரே, அது அப்படித்தான். பிளாக் செய்வது உங்கள் போனுக்குள் நடக்கிற காரியம், வெளியே யாருக்கும் தெரியாது. புகார் செய்தால் கணக்கில் ஏறும். அதனால் முதலில் புகார், அப்புறம் பிளாக்.

கணக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2025 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடும் ஓர் எண்ணின் மேல் பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் வேண்டியிருந்தது. முதல் முறை பிடிபட்டால் அந்த ஆளின் எல்லா இணைப்பிலிருந்தும் வெளியே பேசும் வசதி 15 நாளுக்கு நிற்கும். மறுபடியும் செய்தால் எல்லா நிறுவனங்களிலும் அவருடைய இணைப்புகள் ஒரு வருடத்துக்குத் துண்டிக்கப்படும். 2024 ஆகஸ்டில் டிராய் இப்படி ஒரு பெரிய துப்புரவுக்கு உத்தரவிட்டபோது சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின. அதற்குப் பிறகும் கால் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. நூறு எண் கொண்ட அந்த இணைப்புகளை விட்டுச் சாதாரண சிம்களுக்கு மாறிக்கொண்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு எண்ணாகப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புகாரை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி. நான் வேலை பார்த்த காலத்தில் வந்தவற்றில் நிறைய, "தினமும் தொல்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்ற அளவில் இருக்கும். யார், எந்த எண், என்று, எதுவும் இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? "தகவல் போதாது" என்று எழுதி மூடிவிடுவோம். குற்ற உணர்வோடுதான் சொல்கிறேன். அதே வரிசையில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை இருந்தார். ரேஷன் கடையில் பில் எழுதுவதுபோல ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், எண், என்ன விற்றார்கள் என்று நாலு கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். அவர் கொடுத்த புகாரை எங்களால் மூடவே முடியாது.

உங்களுக்கும் அந்த நோட்டு போதும். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கமாக இருந்தாலும் சரி. கால் வந்தால் திட்டாதீர்கள். அந்தப் பக்கம் பேசுகிற பிள்ளையும் மாத டார்கெட்டுக்கு ஓடுகிற பிள்ளைதான், திட்டினால் உங்களுக்கு நடந்ததுபோல வம்புதான் வளரும். அமைதியாக ஒரே கேள்வி: "எந்த கம்பெனியிலிருந்து பேசறீங்க, எந்த பேங்க் லோன்?" பதிலை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். உடனே எழுதுங்கள்: "12ஆம் தேதி, காலை 11:20, பத்து இலக்க எண், பர்சனல் லோன், இன்ன வங்கி ஏஜென்ட் என்றார்." இவ்வளவுதான் புகாருக்கும் தேவை. பதிவு செய்யப்பட்ட குரல் வந்து "விருப்பமிருந்தால் 1ஐ அழுத்தவும், வேண்டாமென்றால் 2ஐ அழுத்தவும்" என்றால் எதையும் அழுத்தாதீர்கள். எதை அழுத்தினாலும் உயிரோடு ஒருவர் எடுத்துக் கேட்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கால் வந்த ஏழு நாளுக்குள் புகார் போய்விட வேண்டும், அதைத் தாண்டினால் செல்லாது. 1909க்கு அழைத்துச் சொல்லலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். உங்கள் மகள் கையில் ஸ்மார்ட்போன் பழகியிருப்பதால், டிராயின் டிஎன்டி செயலியை உங்கள் போனில் இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணைத் தொட்டு, ஒரு வரி எழுதினால் முடிந்தது. கடை மூடிய பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி அன்றைய நோட்டில் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் போட்டுவிடலாம். புகார் எண் ஒன்று வரும், அதையும் நோட்டில் அந்த வரிக்கு எதிரே எழுதுங்கள். காரணம் சொல்லாமல் மூடினால் உங்கள் தொலைபேசி நிறுவனத்திலேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார், அவருக்குப் போகலாம்.

ஒரே வங்கியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வங்கிக்கும் எழுதுங்கள். "அது ஏஜென்ட், எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். நோட்டில் இருக்கும் எண்ணையும் தேதியையும் அனுப்பி, "இவர் உங்கள் ஏஜென்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் தொனி மாறும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான உதவி எண் 14448.

போலீஸ் பேசுகிறோம், பார்சலில் போதைப்பொருள் இருந்தது, கேஒய்சி முடியவில்லை கணக்கை முடக்குவோம் என்ற மாதிரி கால்கள் வேறு ரகம். அவை விளம்பரமல்ல, திருட்டு. அவற்றை 1909க்குக் கொண்டுபோகாமல் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் சொல்லுங்கள். பணமே போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அதே சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் மொத்தம் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையதல்ல" என்று சொல்லும் வசதி உண்டு.

இனிமேல் நம்பர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது பற்றி. ஜவுளிக்கடை பில் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். "நம்பர் சொல்லுங்கம்மா" என்பார், நீங்கள் சத்தமாகப் பத்து இலக்கமும் சொல்வீர்கள், பின்னால் நிற்கும் ஐந்து பேர் கேட்பார்கள், அவர் சரிபார்க்க இன்னொரு முறை உரக்கப் படிப்பார். பணம் கொடுத்துப் புடவை வாங்க நம்பர் எதற்கு? 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறை இதற்காகவே அறிவுறுத்தல் விட்டது: நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது. "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதலில் விழிப்பார், அப்புறம் ஏதோ ஒரு எண்ணை அடித்து பில்லை எடுத்துவிடுவார். எனக்கு எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. தீபாவளிக்குக் கடை வாசலில் வைக்கும் பரிசுக் கூப்பன் பெட்டி, பொருட்காட்சியில் நீட்டும் நோட்டு, ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் ஆதார், இவையும் நம்பர் கசிகிற வாய்க்கால்கள்தான். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்ததும் அவர் போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம், துணி அளவு சரியில்லை என்றால் உங்களிடம் வாடிக்கையாளர்கள் சொல்வதில்லையா?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது அது. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அப்போதிருந்து ஒன்றரை வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வரட்டும், அதுவரை நோட்டுதான்.

இன்னொரு ஏற்பாடும் சொல்கிறேன், உங்களைப் போல நம்பரே பிழைப்பாக இருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது. இரண்டாவதாக ஒரு சிம் வாங்குங்கள். வங்கி, ஆதார், கேஸ் ஆகியவற்றை அதற்கு மாற்றுங்கள். அந்த எண்ணை வீட்டைத் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள். ஆனால் வாங்கிய அன்றே வங்கியில் கொடுத்துவிடக் கூடாது. ஒரு மாதம் போனில் போட்டு வைத்திருங்கள். அந்த டிராக்டர் கதை மாதிரி பழைய ஆளைத் தேடிக் கால் வந்தால், அந்த சிம்மை விட்டுவிட்டு வேறு வாங்குங்கள். அமைதியாக இருந்தால் வங்கிக் கிளைக்கு நேரில் போய் மாற்றுங்கள். இதற்காக மாதாமாதம் பெரிய ரீசார்ஜும் வேண்டாம். இணையம் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் எல்லா நிறுவனங்களுக்கும் விதி போட்டுவிட்டது. கடைக்காரர் எடுத்த எடுப்பில் அதைக் காட்ட மாட்டார், பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிப் பிரித்துவிட்டால் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. பழைய எண்ணுக்கு வந்து "உங்க பேங்க்லேர்ந்து பேசறோம்" என்று எவன் சொன்னாலும், வங்கிக்கு அந்த எண்ணே தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் தனி வரிசையும் ஒதுக்கி, படிப்படியாக அதற்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சின்ன வேலை ஒன்று: துணி கொடுக்கிறவர்களின் எண்ணை அன்றே பெயரோடு சேமித்துவிடுங்கள், "மீனா, மேலக்காவேரி, பட்டு பிளவுஸ்" என்பதுபோல. இரண்டு மாதத்தில் உங்களுக்கு வரும் உண்மையான கால்களில் முக்கால்வாசி பெயரோடு வரும். சேமித்த எண்களுக்கு ஒரு ரிங்டோன், மற்றவற்றுக்கு வேறு என்று மகளை வைத்துவிடச் சொல்லுங்கள். மிஷினில் கால் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது எதற்கு எழுந்திருக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

போர்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பார்த்து நின்று நம்பர் எழுதிக்கொண்டு போய் லோன் விற்கிறவன் எவனும் இல்லை. அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் பட்டியல் வேண்டும், அது கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. போர்டைப் பார்த்து வருகிறவர்கள் துணியோடுதான் வருவார்கள். பெயின்ட் மங்கியிருந்தால் வேண்டுமானால் ஒரு கை பூசிக்கொள்ளுங்கள்.